பட்டறைக்குப் புதிதாக வரும் தம்பிக்கும் அம்மிணிக்கும்

கோயம்புத்தூரில் காந்திபுரத்தில் கிளம்பி சிங்காநல்லூர் வரை ஒரு சுற்று வந்து பாருங்கள். 'மெக்கானிக் தேவை' என்ற அட்டை எத்தனையோ பட்டறை வாசலில் தொங்கும். சில அட்டைகளில் எழுத்தே வெளுத்துப் போயிருக்கும். எழுதி மாட்டிய நாளிலிருந்து ஆள் வரவில்லை என்று அர்த்தம்.

ஏன் வரவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சாப்பாடு டெலிவரிக்குப் போனால் முதல் வாரமே கையில் காசு. பட்டறைக்கு வந்தால் முதல் வருஷம் டீச்செலவுக்குத்தான் கூலி. கொஞ்சம் கை தேறியதும் துபாய், கத்தார் என்று கிளம்பிவிடுகிறார்கள். இன்னொரு காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. "ஒழுங்காப் படிக்கலேன்னா மெக்கானிக் ஷெட்டுல கொண்டுபோய் விட்டுருவேன்" என்று பிள்ளையை மிரட்டாத வீடு நம்மூரில் எத்தனை? தண்டனையாகக் காட்டிய இடத்துக்கு எந்தப் பிள்ளை விரும்பி வரும்?

முன்பு பத்து, பன்னிரண்டு வயதுப் பையனைக் கொண்டுவந்து விடுவார்கள். டீ வாங்கி வந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, அடி வாங்கி, மெல்ல மெல்லக் கற்பான். அந்த வழியைச் சட்டம் அடைத்துவிட்டது. 2016-ல் திருத்திய சட்டப்படி 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. 18 ஆகும் வரை ஆபத்தான வேலைக்கு வைக்கக் கூடாது. அடைத்தது நல்லதுதான். அந்த வழியில் தேறியவர்களைப் பற்றித்தான் பெருமை பேசுகிறோம். கை நசுங்கி, பயந்து ஓடிப்போனவர்கள் கணக்கில் வருவதே இல்லை. ஆனால் பழைய பாதையை மூடியவர்கள் யாரும் புதுப் பாதையை ஒழுங்காகப் போட்டு முடிக்கவில்லை.

இதற்கு நடுவில் வண்டி மாறிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 வந்தது. பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் உட்கார்ந்தது. டீசல் வண்டியில் புகை வடிகட்டி, லாரியில் யூரியா டேங்க். காதை வைத்தே மிக்ஸரைத் திருகி ஐட்லிங் வைத்த பெரிய கைகள் பல அதோடு பழைய வண்டிகளுக்குள் ஒதுங்கிவிட்டன.

ஆகவே ஒன்றைத் தெரிந்துகொண்டு உள்ளே வா. பார்ட்ஸைக் கழற்றி மாட்ட ஆள் தட்டுப்பாடு அவ்வளவாக இல்லை. எது கெட்டிருக்கிறது என்று சரியாகச் சொல்ல ஆள் இல்லை. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இரண்டாவது ஆளாக நீ ஆவதற்கு.

1. வண்டியைத் தொடும் முன்னால் வண்டிக்காரரைக் கேள்.

"வண்டி நிக்குதுங்க" என்பார். உடனே திருப்புளியைத் தூக்காதே. எப்போது நிற்கிறது? காலையில் எடுத்ததுமா, சூடேறிய பிறகா? மேட்டிலா, சிக்னலிலா? மழை நாளிலா? கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டீர்கள்? இதற்கு முன் யார் கை வைத்தார்கள்? கடைசிக் கேள்வியைப் பணிவாகக் கேள். முந்தின மெக்கானிக்கைக் குறை சொல்லும் தொனி வந்தால் அவர் பாதியை மறைத்துவிடுவார்.

ஒரு உதாரணம். கார்புரேட்டர் வைத்த பழைய பைக். பத்து பதினைந்து கிலோமீட்டர் நன்றாக ஓடி, இருமி நிற்கும். ஓரங்கட்டி, மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உதைத்தால் கிளம்பிவிடும். பிளக்கை மாற்றியிருப்பார்கள், காயிலை மாற்றியிருப்பார்கள், கார்புரேட்டரை மூன்று தடவை கழுவியிருப்பார்கள். "மூடியத் தொறந்து பாத்தப்பறந்தான் ஸ்டார்ட் ஆகுதுங்களா? தொறக்காம உதைச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்க வேண்டியதுதான் பாக்கி. டேங்க் மூடியில் காற்று உள்ளே போக ஒரு சின்னத் துளை உண்டு. தூசியும் துருவும் அதை அடைத்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வருவது நின்றுவிடும். திறக்கும்போது 'ஸ்ஸ்' என்று காற்றை இழுக்கும் சத்தம் கேட்கும். ஒரு ஊசியால் தீரும் வேலை. அதைக் கண்டுபிடித்தது கேள்வி.

கேட்ட பிறகு நீயே ஓட்டிப் பார். வண்டிக்காரரைப் பின்னால் உட்கார வைத்து, "அந்தச் சத்தம் வந்ததும் தோளைத் தட்டுங்க" என்று சொல். அவர் சொல்லும் சத்தமும் உனக்குக் கேட்கும் சத்தமும் ஒன்றுதானா என்பது அப்போதுதான் தெரியும்.

2. முதல் வருஷம் கையைப் பழக்கு.

கழுவுவதையும் துடைப்பதையும் கேவலமாக நினைக்காதே. திருப்பூர் பனியன் வேஸ்ட்டை மண்ணெண்ணெயில் நனைத்து ஒரு கிராங்க் கேஸைத் துடைக்கும்போதுதான் அதில் மயிரிழை விரிசல் இருப்பது கண்ணில் படும். எண்ணெய் எங்கிருந்து கசிந்து எங்கே இறங்கியிருக்கிறது என்பதைத் துடைக்கிற ஆள்தான் முதலில் பார்ப்பான். கழுவும் முன் ஒரு தடவை நின்று பார். கழுவிவிட்டால் தடயம் போய்விடும்.

கழற்றிய போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாதே. கிளட்ச் கவர் போல்ட்டுகளில் ஒன்றிரண்டு நீளமாக இருக்கும். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, துளை போட்டு, எந்தப் போல்ட் எந்த இடத்திலிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வை. இன்று கையில் போன் இருக்கிறது, கழற்றும் முன் நாலு படம் எடுத்துக்கொள். குட்டையான இடத்தில் நீளமான போல்ட்டை முறுக்கினால் உள்ளே முட்டி கேஸ் உடையும். அதன் விலை உன் ஒரு மாதச் சம்பளம்.

மரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்றைய இன்ஜின் பெரும்பாலும் அலுமினியம். இரும்பு போல்ட் அதில் கோணலாக ஏறினால் மரையைத் தின்றுவிடும். ஸ்பார்க் பிளக்கைச் சாவியோடு நுழைக்காதே. முனையில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸைச் செருகி, ஹோஸைப் பிடித்துத் திருகு. மரை நேராகப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு அடி வரை போகும். கோணலாக இருந்தால் ஹோஸ் கையில் சுற்றுமே தவிர பிளக் ஏறாது. அடியில் உட்கார்ந்த பிறகுதான் சாவி. வாஷர் வைத்த புதுப் பிளக்குக்கு அதற்கு மேல் ஏறக்குறைய அரைச் சுற்று போதும். இன்ஜின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றாதே.

ஆயில் டிரெயின் போல்ட்டும் அப்படியே. "நல்லா டைட் வெச்சுட்டேன்" என்று சொல்லிப் பலத்தைக் காட்டும் பையன்கள் இருக்கிறார்கள். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கு என்று கம்பெனிக்காரர் எழுதியே கொடுத்திருக்கிறார். டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கிப் பழகு. கொஞ்ச நாளில் சின்ன போல்ட்டுகளின் அளவு மணிக்கட்டுக்கே தெரிந்துவிடும். ஹெட் போல்ட்டுக்கு மட்டும் மணிக்கட்டை நம்பாதே, எவ்வளவு அனுபவம் வந்தாலும்.

3. சொந்த டூல்ஸ் வாங்கு.

ஒரே நாளில் பெட்டி நிறைய வாங்க வேண்டாம். மாதம் ஒன்று. முதலில் ரிங் ஸ்பேனர் செட். பிறகு 8, 10, 12, 14 டி ஸ்பேனர்கள். பிறகு ஒரு மல்டிமீட்டர். சாக்கெட் வாங்கினால் ஆறு முனை உள்ளதாக வாங்கு, பன்னிரண்டு முனை துருப்பிடித்த நட்டின் மூலையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ஜப்பான் வழி வந்த பைக்குகளின் கார்புரேட்டர் திருகு பார்க்க ஸ்டார் திருகு மாதிரியே இருக்கும். ஆனால் சாதாரண ஸ்டார் திருப்புளி அதில் முழுசாக உட்காராது. இறுகப் பிடித்த திருகை அதில் திருகி மழுக்கியவர்கள் ஊரெல்லாம் உண்டு. ஜப்பான் அளவுத் திருப்புளி என்றே தனியாகக் கிடைக்கிறது.

ஆயுத பூஜைக்கு மட்டும் டூல்ஸைத் துடைத்துச் சந்தனம் வைக்கிற பட்டறையை நான் நம்ப மாட்டேன்.

4. கரண்டைப் பார்த்து ஒதுங்காதே.

பழைய ஆட்கள் பலர், "அது வயரிங் வேலைங்க, எலக்ட்ரீசியன்ட்ட போங்க" என்று கை காட்டிவிடுவார்கள். அந்த எலக்ட்ரீசியனுக்கும் ஆள் இல்லை. இன்றைய வண்டியில் பாதி நோய் கரண்ட் நோய். பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிக்கு மேல் பெரிதாக ஒன்றும் வேண்டாம்.

சில எண்களை மனப்பாடம் செய். இன்ஜின் அணைந்து சில மணி நேரம் ஆன நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படு. ஓடும்போது 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் நின்றால் சார்ஜிங் சரி. பேட்டரி கடைக்காரர் சொல்வதற்கு முன்னால் இதை நீ பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது எர்த். ஒரு கார் 'டக், டக்' என்று மட்டும் அடித்துக் கிளம்ப மறுக்கும். ஒரு கடையில் செல்ஃப் மோட்டாரை மாற்றுவார்கள். கொஞ்ச நாள் ஓடும், மறுபடியும் அதே. அடுத்த கடையில் பேட்டரியை மாற்றுவார்கள். பிறகு கீ சுவிட்ச். பணம் ஆயிரக்கணக்கில் போயிருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தலையில் வை. இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில் வை. செல்ஃப் அடிக்கச் சொல். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நிற்க வேண்டும். 0.3 வோல்ட்டைத் தாண்டி அரை, ஒன்று என்று ஏறினால், இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டையில் துரு. கழற்றி, உப்புத்தாள் போட்டு, கிரீஸ் தடவி மாட்டு. அந்தப் பட்டையை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, கன்டினியூட்டி வைத்துப் பார்த்தாலும் பீப் அடிக்கும். பாரம் ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். மீட்டரை 'பீப்' சத்தத்துக்கு மட்டும் வைத்திருப்பவர் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தவில்லை.

5. ஸ்கேனர் சொல்வது தெருவின் பெயர். வீட்டை நீதான் தேட வேண்டும்.

செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் பி 0171 என்று வரும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அதற்குப் பொருள். "ஆக்சிஜன் சென்சார் போச்சுங்க" என்று அடுத்த நிமிடமே விலை சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். சென்சார் பாவம், நடப்பதை அப்படியே சொல்லியிருக்கிறது. செய்தி கொண்டுவந்தவனையே மாற்றிவிடுகிறார்கள்.

ஸ்கேனர் காட்டிய எண்ணை அழிக்கும் முன் எழுதிக்கொள். அது பதிவான நேரத்தில் வண்டி என்ன வேகத்தில், எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருக்கும், அதையும் எழுதிக்கொள். பிறகு லைவ் டேட்டாவில் ஃபியூல் ட்ரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவை, பார். ஐட்லிங்கில் அதிகமாக இருந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் குறைந்தால், பொதுவாக எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது: கிழிந்த ஹோஸ், இளகிய கிளிப், மேனிஃபோல்ட் கேஸ்கெட். ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து மேடேறும்போது எகிறினால் பெட்ரோல் போதவில்லை: பம்ப் தளர்ச்சி, அடைத்த ஃபில்டர், அழுக்கு இன்ஜெக்டர். பிரஷர் கேஜ் மாட்டி உறுதிப்படுத்து. இவ்வளவுக்கும் அரை மணி நேரம் ஆகும். ஒரு பார்ட்ஸ்கூட வாங்கவில்லை பார்.

இன்னொன்று: இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த பழைய ஸ்கூட்டர் வந்தால் டேங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கிறதா, ரப்பர் பாகங்கள் உப்பியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைப் பேசு.

6. படி.

"ஜி.டி. நாயுடு என்ன படிச்சாருங்க?" என்று நம்மூரில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். உண்மைதான். பள்ளிக்கூடத்தை அதிகம் எட்டிப் பார்க்காதவர், ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து மேய்ந்து தொழில் கற்றவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டு யு.எம்.எஸ். கம்பெனியை வளர்த்தவர். ஆனால் அதே நாயுடு 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தொடங்க முன்னின்றதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் (ஜி.சி.டி.) வேர் அதுதான். படிப்பை வேண்டாம் என்றவர் இல்லை அவர். வருஷக்கணக்கில் இழுக்கும் படிப்பை வேண்டாம் என்றவர்.

ஒவ்வொரு வண்டிக்கும் சர்வீஸ் மேனுவல் உண்டு. வயரிங் டயகிராம் உண்டு. இங்கிலீஷ் என்று பயப்படாதே. அதில் வரும் சொற்களில் பாதியைப் பட்டறையில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறாய். ஐடிஐ பாடநூல்களை அச்சிடும் நிமி நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது; அதன் தியரி புத்தகம் ஒன்றும் பிராக்டிகல் புத்தகம் ஒன்றும் உன் டூல் பெட்டியோடு இருக்கட்டும். யூடியூப் பார், தப்பில்லை. ஆனால் வீடியோவில் வரும் வண்டிக்கு வந்த நோய்தான் உன் முன் நிற்கும் வண்டிக்கும் வந்திருக்கிறது என்று யார் சொன்னது?

7. தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் பண்ணாதே, பண்ண விடாதே.

2015 டிசம்பரில் சென்னையில் பார்த்தோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி பார்த்தோம். தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, "ஒருவேளை ஓடுமோ" என்று உரிமையாளர் சாவியைத் திருப்புவார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே வந்து முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். சுத்தம் செய்து ஓட்டியிருக்க வேண்டிய இன்ஜினைப் பிரித்துப் போட வேண்டிய நிலைக்குக் கொண்டுவருவது அந்த ஒரு திருப்புதான்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்று. ஏர் ஃபில்டரைத் திறந்து பார். நனைந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் வடித்துவிடு. பெட்ரோல் வண்டியில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க்கைக் கையால் சுற்று. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். கையால் தடங்கலின்றிச் சுற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். கியர் பாக்ஸ், வீல் பேரிங், கம்ப்யூட்டர் கனெக்டர் எல்லாம் வரிசையாகப் பார்க்க வேண்டும். இன்சூரன்ஸ் இருந்தால், சர்வேயர் பார்க்கும் முன் எதையும் பிரிக்க வேண்டாம் என்று உரிமையாளருக்கு நீயே எடுத்துச் சொல்.

வெள்ள நேரத்தில் ஆள் பற்றாக்குறை எப்படி இருக்கும் என்று சென்னைப் பட்டறைக்காரரைக் கேட்டுப் பார். வாரக்கணக்கில் வண்டிகள் வரிசையில் நிற்கும். அந்த வரிசையைக் காட்டி இரட்டைக் கூலி வாங்கியவர்களும் உண்டு, நம் ஆட்கள்தான்.

8. உடம்பு.

ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்குக் கீழே தலையை விடாதே, ஒரு நிமிஷ வேலைதான் என்றாலும். ஸ்டாண்ட் போடு. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இன்ஜினை ஓட விடாதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. காமன் ரெயில் டீசல் பைப்பில் கசிவை விரலால் தடவிப் பார்க்காதே. அங்கே அழுத்தம் 1600 பாருக்கும் மேலே போகும், காரின் டயரில் இருப்பது இரண்டு சொச்சம் பார். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே ஊசி குத்திய மாதிரிதான் தெரியும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. பிரேக் டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாதே. பெட்ரோலில் கை கழுவாதே. இதையெல்லாம் செய்துகொண்டே நன்றாக இருக்கிற பெரியவர் ஒருவரைக் காட்டுவார்கள். நன்றாக இல்லாதவர்கள் பட்டறைக்கு வருவதில்லை, அதனால் நீ பார்க்கவில்லை.

9. எலக்ட்ரிக் வண்டியை விரட்டிவிடாதே. தெரியாமல் திறக்கவும் செய்யாதே.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் செய்யும் ஸ்கூட்டர்கள் நம் தெருவெல்லாம் ஓடுகின்றன. "அதுல நமக்கு வேல இல்லீங்க" என்று பட்டறைக்காரர்கள் சொல்வது பாதி உண்மை. ஆயில் இல்லை, பிளக் இல்லை. ஆனால் டயர் இருக்கிறது, பிரேக் இருக்கிறது, பேரிங், சஸ்பென்ஷன், சுவிட்ச், கனெக்டர் இருக்கின்றன. காரில் பெரிய பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரியும் உட்கார்ந்திருக்கும்; அது செத்தால் லட்சக்கணக்கான ரூபாய் கார் அசையாமல் நிற்கும்.

கோடு எது என்று தெரிந்துகொள். காரில் ஆரஞ்சு நிற வயர் என்றால் உயர் மின்னழுத்தம், 300 வோல்ட், 400 வோல்ட். அதற்கான பயிற்சியும், 1000 வோல்ட் தாங்கும் கையுறையும், சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிய பிறகு மேனுவல் சொல்லும் நேரம் காத்திருக்கும் பொறுமையும் இல்லாதவர் அதில் கை வைக்கக் கூடாது. ஸ்கூட்டரில் வோல்ட் குறைவு, ஆனால் பேட்டரி பேக்கைப் பிரித்துச் செல் மாற்றுகிற வேலையைத் தெருவோரத்தில் வைத்துக்கொள்ளாதே. லித்தியம் பற்றிக்கொண்டால் தண்ணீர் வாளியால் அடங்காது. ஐடிஐயில் 'மெக்கானிக் எலக்ட்ரிக் வெஹிக்கிள்' என்றே ஒரு பிரிவு வந்திருக்கிறது. நாலாவது அறிவுரையில் சொன்ன மல்டிமீட்டரைப் பழகியவருக்கு அங்கே போவது பெரிய தாவல் ஒன்றும் இல்லை.

10. கண்டுபிடித்ததற்குக் கூலி கேள்.

ஆள் பற்றாக்குறையின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. நம்மூரில் பார்ட்ஸ் மாற்றினால் காசு கொடுப்பார்கள். "எர்த் பட்டைல துருவுங்க, சுத்தம் பண்ணிட்டேன்" என்றால், "அவ்ளோதானா? அதுக்கு எதுக்குங்க அறுநூறு?" என்பார்கள். அந்த 'அவ்ளோதானா'வைக் கேட்டுக் கேட்டு, நல்ல கை உள்ளவரும் நாளடைவில் பார்ட்ஸ் மாற்றுபவர் ஆகிவிடுகிறார். சரியாக யோசித்தவருக்கு அறுநூறு, தப்பாக யோசித்துச் செல்ஃப் மோட்டார் மாற்றியவருக்கு ஆறாயிரம் என்றால் யார்தான் யோசிப்பார்? கம்பெனி சர்வீஸ் சென்டரும் இதற்கு விலக்கில்லை. அங்கேயும் பல இடங்களில் மாதக் கடைசியில் எவ்வளவு பார்ட்ஸ் போயிற்று என்பதுதான் கேள்வி.

அதனால் முதலிலேயே சொல்லிவிடு. "என்ன கோளாறுன்னு பாக்க இவ்வளவு ஆகும்; பாத்துட்டு மத்ததச் சொல்றேனுங்க." சொல்லும்போது குரல் தடுமாறக் கூடாது. டாக்டர் பீஸ் வாங்குவதை யாரும் கேட்பதில்லை. சிலர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். போகட்டும்.

கூலி கேட்கும் வாய்க்கு நேர்மையும் வேண்டும். மாற்றிய பழைய சாமானை ஒரு பையில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடு, அவர் கேட்காவிட்டாலும். பில்லில் சாமான் விலை தனி, கூலி தனி. ஸ்பேர்ஸ் கடைக்காரர் உன் பெயரில் எழுதி வைக்கும் கமிஷனை வாங்காதே. அதை வாங்கிவிட்டால் எந்த பிராண்டு நல்லது என்று அவர்தான் உனக்குச் சொல்லுவார். டூப்ளிகேட் பிரேக் ஷூவை ஒரிஜினல் விலைக்குப் போடுகிறவரை நான் மெக்கானிக் என்று சொல்ல மாட்டேன். அது ஓர் உயிர் விஷயம்.

ஒரு நோட்டும் போடு. தேதி, வண்டி, சொன்ன குறை, பார்த்த அளவுகள், கண்ட காரணம், மூன்று மாதம் கழித்து எப்படி ஓடுகிறது. அதே நோய் மறுபடி வரும்போது அந்த நோட்டைவிடப் பெரிய வாத்தியார் இல்லை.

11. கம்பெனியா, ரோட்டோரப் பட்டறையா?

இரண்டும். கம்பெனியில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, பயிற்சிக்கு அனுப்புவார்கள், மேனுவலும் புது ஸ்கேனரும் கைக்கெட்டும். ஆனால் வருஷக்கணக்கில் ஒரே வேலையில், பெரியடிக் சர்வீஸிலேயே, நிறுத்திவிடுவார்கள். பட்டறையில் எல்லா வண்டியும் எல்லா நோயும் வரும், ஒழுங்குதான் குறைவு. முதலில் ஐடிஐ, பிறகு 1961 சட்டப்படி நடக்கும் அப்ரண்டிஸ், பிறகு கம்பெனி, பிறகு பட்டறை என்ற வரிசை நல்லது. வெளிநாடு போகிறவர்கள் ஐடிஐ தேறியதும் கிடைக்கும் என்.டி.சி. சான்றிதழோடு போங்கள். அது இல்லாமல் போனால் பெரும்பாலும் 'ஹெல்பர்' விசாதான்.

12. அம்மிணிகளுக்கு.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தக் கிரீஸ் வேல" என்று சொல்கிற பெரியவர் வீட்டிலும் ஸ்கூட்டர் ஓட்டுவது மருமகள்தான். பலம் வேண்டிய இடத்தில் எங்களுக்கும் நீளப் பைப்பும் ஹாய்ஸ்டும்தான் துணை. வயரிங், ஸ்கேனர், அளவெடுக்கும் வேலைகளில் பொறுமையான கைக்குத்தான் மதிப்பு. ஆனால் சேரும் முன் அந்தப் பட்டறையில் கழிப்பறை இருக்கிறதா என்று கேள். இல்லை என்றால், ஆள் கிடைக்கவில்லை என்று அந்த முதலாளி புலம்புவதை நீ காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை.

13. முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை.

ஆள் வேண்டும் என்று அட்டை மாட்டினால் போதாது. வருகிற பிள்ளையை 'டேய்' போடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முதல் மாதத்திலிருந்தே பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக வீட்டுக்குக் கொண்டுபோக ஏதாவது கொடுங்கள். கஷ்டமான வண்டி வரும்போது அவனை டீ வாங்க அனுப்பாதீர்கள், பக்கத்தில் நிற்க வையுங்கள். தொழில் ரகசியம் என்று மறைத்துவைத்ததெல்லாம் இன்று யாருக்கும் உதவாமல் கிடக்கிறது.

பெற்றோருக்கும் ஒன்று. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு அரசு ஐடிஐ சேர்க்கை தொடங்கிவிடும்; விண்ணப்பம் ஆன்லைனில்தான். 'மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள்' இரண்டு வருஷம், 'மெக்கானிக் டீசல்' ஒரு வருஷம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் இன்னும் 1000 ரூபாய் வரும். மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கடைசித் தேதிவரை காத்திருக்காதீர்கள்.